மேற்கோள் எண்ணிக்கையும் வெந்நீர் வலிப்பும்

ஓர் ஆராய்ச்சியாளரின் பணியை எதைக்கொண்டு அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிற ஆராய்ச்சியாளர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் இரு கணக்குகளே இன்று பெரிதும் கையாளப்படுகின்றன. பதவியும் நிதியுதவியும் பல இடங்களில் இக்கணக்கைச் சார்ந்து நிற்பதால், அதன் இயல்பை அறிந்துகொள்ளுதல் பயனுடையது. பெங்களூரில் நடைபெற்ற நரம்பியல் ஆராய்ச்சி ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

குளியலில் எழுந்த வினா

பெங்களூரில் அல்சூரை அடுத்த மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி. தென்னாட்டின் பிற ஊர்களைப் போலவே அங்கும் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிப்பது வழக்கம். கொதிக்கக் காய்ந்த நீரை விளாவி, செம்பால் மொண்டு, தலையில் விரைவாகத் தொடர்ந்து ஊற்றுகின்றனர். நீரின் வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மிகப் பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. ஆனால் மிகச் சிலருக்கு, சிறப்பாகச் சிறுவர்களுக்கு, அவ்வேளையில் வலிப்புத் தோன்றுகிறது. இதுவே வெந்நீர் வலிப்பு எனப்படும்.

இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றிய முதற் குறிப்பு 1945இல் நியூசிலாந்திலிருந்து வெளிவந்தது. பெங்களூரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் அவருடன் உழைத்தோரும் 1968இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஒரு முன்னறிக்கையை வெளியிட்டனர். 1972இல் 60 நோயாளிகளைப் பற்றியும், 1970களின் நடுவில் 108 பேரைப் பற்றியும் அவர் எழுதினார். 1988இல் நிம்ஹான்ஸ் நிலையத்தின் பி. சதீஷ்சந்திராவும் பிறரும் 279 நோயாளிகளின் விவரங்களை 'எபிலெப்ஸியா' என்னும் அனைத்துலக இதழில் தொகுத்தளித்தனர். 2009இல், இந்நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களை ஆராய்ந்து, 4ஆம், 10ஆம் குரோமோசோம்களில் இதனோடு தொடர்புடைய பகுதிகள் சுட்டப்பட்டன. எங்கோ ஒருவரிடம் காணப்பட்ட புதுமை என்னும் நிலை மாறி, மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நோயாக இது நிலைபெற்றது.

கணக்கிடும் முறை

மேற்கோள்களைத் திரட்டி அட்டவணையாக்கும் கருத்தை யூஜீன் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர் 1955இல் வெளியிட்டார். 1960களில் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவரலாயிற்று. நூலகப் பணிகளை எண்ணிக்கையால் ஆராயும் துறையை 'லைப்ரமெட்ரி' என்னும் பெயரால் 1948இலேயே முன்மொழிந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1962இல் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியதும் பெங்களூரிலேயே.

இன்று மிகுதியாக வழங்குவது 2005இல் ஹிர்ஷ் என்பார் வகுத்த 'எச்' எண். ஒருவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் முறையே 20, 12, 7, 4, 2 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பின், குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு உள்ளன. எனவே அவரது எச் எண் 4. ஒரே கட்டுரை எழுதி 200 மேற்கோள் பெற்றவருக்கு அவ்வெண் 1 மட்டுமே! இதனை மாணவர்கள் கரும்பலகையிலேயே செய்து பார்க்கலாம்.

கணக்கிற்குள் அடங்காதவை

பலர் ஆராயும் நோயில் மேற்கோள்கள் விரைவிற் குவியும். சிலரே ஆராயும் நோயில் அவ்வாறு குவிவதில்லை. அட்டவணையிற் சேராத இதழ்களில் காட்டப்பெறும் மேற்கோள்கள் அந்த அட்டவணையின் கணக்கில் வருவதில்லை. மறுப்பதற்காகக் காட்டப்பட்ட மேற்கோளும் பாராட்டுக் குறிப்பும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பின்வந்தோர் தொகுப்புக் கட்டுரையைச் சுட்டிவிட்டு, முதலிற் கண்டவரைச் சுட்டாது விடுவதும் உண்டு. இதழின் செல்வாக்கு எண்ணைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை வற்புறுத்தியதும் இத்தகைய குறைகள் பற்றியே.

எண்ணிக்கை வேண்டாததன்று. ஒரு கருத்து எவ்வழியே பரவிற்று என்பதை அது காட்டுகிறது. ஆயினும் கட்டுரையைக் கட்டுரை சுட்டுவதை மட்டுமே அது காணும். ஆராய்ச்சியின் பயன் ஓர் இல்லத்தை அடைந்ததா என்பதைக் காணாது.

அப்பயனை மக்களிடம் சேர்ப்பது களப் பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமை. குளிக்கும்போது மட்டும் மயக்கமோ வலிப்போ வருவதாகப் பெற்றோர் கூறின், அதனைப் பேய்க்கோளாறு என்று விடாது நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் குளித்தல், தலையில் நீரை விரைந்து கொட்டாமை, கதவைத் தாழிடாமை ஆகியவற்றால் பலருக்கு இடர் குறைகிறது. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் எதையேனும் இடுவதும் கூடா. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இவ்வறிவுரையால் ஒரு குழந்தை காப்பாற்றப்படுமாயின், அந்நிகழ்ச்சி எந்த மேற்கோள் அட்டவணையிலும் பதிவாகாது. அதற்கு அடிப்படை அமைத்த ஆராய்ச்சியை மதிப்பிடுவோர் இதனையும் கருத்திற் கொள்ளுதல் தகும்.