ஒரு தாயின் கடிதம்
காவலில் போகும் உயிருக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் எப்படிப் பிறந்தது? அதைப் பயன்படுத்துவது எப்படி?

1987 டிசம்பர் 1, காலை 8 மணி. ஒரிசாவின் (இன்றைய ஒடிசா) சுந்தர்கர் மாவட்டம். திருட்டு வழக்கு விசாரணை என்று சொல்லி, 22 வயது இளைஞர் ஒருவரை ஜெராய்கேலா புறக்காவல் நிலையப் போலீசார் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். மறுநாள் ரயில் பாதையில் அவரது உடல் கிடந்தது. உடலில் பல காயங்கள். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு, பின்னிரவு 3 மணிக்குத் தப்பி ஓடியவர் ரயிலில் அடிபட்டுச் செத்தார் என்றது போலீஸ்.

தாய் நீலாபதி பெஹரா அதை நம்பவில்லை. 1988 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின்படி விசாரித்த மாவட்ட நீதிபதி, போலீஸ் காவலில் ஏற்பட்ட காயங்களால்தான் மரணம் நிகழ்ந்தது என்றார். 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தாய்க்கு மாநில அரசு 1.5 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

ஒரு மகனுக்கு ஈடாகாத தொகைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு பழைய சுவரை இடித்தது. போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்துடன் ஏட்டு ஒருவரே ஓடிப்போன மீரட் வழக்கில், இறையாண்மை அதிகாரத்தைக் காரணம் காட்டி, அரசு பொறுப்பல்ல என்று 1964இல் இதே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அடிப்படை உரிமை பறிக்கப்படும்போது அந்தச் சாக்கு செல்லாது என்றது 1993 தீர்ப்பு.

மனித உரிமைச் சட்டத்தின் அடுக்குகளை இந்த ஒரு வழக்கிலேயே பார்க்கலாம். மேலே சர்வதேச உடன்படிக்கை. சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு உண்டு என்று அது சொல்கிறது. 1979இல் அதை ஏற்ற இந்தியா, அந்தப் பிரிவுக்கு விலக்கு கோரியிருந்தது. அப்படியிருந்தும் அதே பிரிவை நீதிபதிகள் மேற்கோள் காட்டினர். அடுத்தது அரசியல் சட்டம். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் 21வது பிரிவு. கைதுக்கான காரணத்தை அறியவும், வக்கீலை வைத்துக்கொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் 22வது பிரிவு. உரிமை மீறப்பட்டால் நேராக உச்ச நீதிமன்றம் செல்ல 32வது பிரிவு.

இன்னொரு கடிதம்

இந்த வழக்குக்கு முன்பே, 1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான டி.கே.பாசுவும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டித் தலைமை நீதிபதிக்கு எழுதிய அதுவும் மனுவானது. பத்தாண்டு கழித்து, 1996 டிசம்பரில், கைதுக்கு 11 விதிகள் பிறந்தன. முக்கியமானவை:

• கைது செய்பவர் தன் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும்.

• தேதி, நேரத்துடன் கைது குறிப்பாணை எழுத வேண்டும். குடும்பத்தார் ஒருவரோ, அப்பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகவும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும்.

• கைதான தகவலையும் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும்.

• கைதானவர் கேட்டால், உடலிலுள்ள காயங்களைக் கைதின்போதே பதிவு செய்ய வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.

• விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் உடன் வைத்திருக்க முடியாது.

மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் பாயும். குறிப்பாணை போன்ற விதிகள் பிறகு சட்டமாகவே ஆயின. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அவை உண்டு.

விதிகள் இருந்தும் மரணங்கள் நிற்கவில்லை. சாத்தான்குளத்தில் போலீஸ் கைது செய்த தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தது 2020 ஜூனில். விதிகளுக்கு அப்போது வயது 23. அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997இல். நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றி அதை உறுதிசெய்யும் வேலை இன்றுவரை நடக்கவில்லை.

1993இல் அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எல்லை உண்டு. அது பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் விசாரிக்கவும் முடியாது. ஆனாலும் அதன் கதவைத் தட்டக் கட்டணம் இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் எழுதலாம். டில்லியிலோ மும்பையிலோ குடியிருக்கும் தமிழர் தமிழிலேயே புகார் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. அதற்கான சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

இரவில் போலீஸ் வந்து ஒருவரை அழைத்தால், வீட்டார் பதற்றத்தில் கேட்க மறப்பது மூன்று: எதற்காக? எந்த நிலையத்துக்கு? குறிப்பாணையில் எழுதிய நேரம் என்ன? அந்த நேரத்திலிருந்துதான் 24 மணி நேரக் கணக்கு பேசப்படும். குறிப்பாணையே இல்லையென்றால், ஆளைக் கூட்டிச் சென்ற நேரத்தையும், வந்தவர்களின் பெயரையும் அப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை ஒரு மனுவுக்கு அதுவே முதல் வரியாகலாம்.