குல்மார்க்கில் சறுக்கும் பனியும்

நாஞ்சில் நாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு, மலை சரிகிறது என்றால் அடைமழையில் ரப்பர்த் தோட்டத்து மண் இறங்குவதுதான் நினைவுக்கு வரும். வெண்ணிறக் குவியல் என்றால் புத்தளம் உப்பளத்து உப்பு. பனிச்சரிவு எங்கோ அந்நிய நாட்டு விஷயம் என்று எண்ணியிருந்தோம். ஆனால் 2016 பிப்ரவரி 3-ந் தேதி ஸியாச்சினில் சரிந்த பனி மதறாஸ் ரெஜிமெண்டு வீரர்கள் பதின்மரைப் பலி கொண்டது; அவர்களில் தமிழரும் இருந்தனர்.

கடமையின் பொருட்டு அங்கே நின்றவர்கள் அவர்கள். விளையாட்டின் பொருட்டே பனிச்சரிவை நாடிச் செல்பவர்களும் உண்டு. காஷ்மீரத்தில் ஸ்ரீநகருக்கு மேற்கே உள்ள குல்மார்க் அதற்குப் பெயர் பெற்ற ஸ்தலம். கம்பியில் தொங்கும் 'கொண்டோலா' வண்டி, அபர்வத் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்திற்கு ஆட்களைக் கொண்டு விடுகிறது. அங்கிருந்து, காலுக்கு ஒரு பலகையாகக் கட்டிக்கொண்டு இறங்குவது ஸ்கீயிங். இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பக்கவாட்டில் நின்று இறங்குவது ஸ்நோபோர்டிங். எவர் தடமும் படாத புதுப்பனியில் பாய்ந்து இறங்கும் ஆனந்தத்திற்காக உலகெங்குமிருந்து வாலிபர்கள் வருகிறார்கள்.

அந்த ஆனந்தமும் அபாயமும் ஒரே சரிவில்தான் இருக்கின்றன. பனி அடுக்கடுக்காகப் பெய்து படிகிறது. கடுங்குளிர் நீடித்தால் அடியிலுள்ள அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத சீனிமணிகளைப் போலாகிவிடும். அதன்மேல் புதுப்பனி கனத்துப் படிகிறது. சாய்ந்த பலகையிலே கடுகைப் பரப்பி, மேலே கனத்த அட்டையை வைத்தாற்போன்ற நிலைமை! ஒருவன் குறுக்கே சென்றாலே போதும். மேலடுக்கு பாளமாக விரிந்து நழுவும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேதான் இது பெரும்பாலும் நேருகிறது. தேர்ந்தவர்கள் விரும்புவதும் அதே சாய்வைத்தான். உரக்கக் கூவினால் பனி சரியும் என்பது சினிமாக்காரர் கற்பனை. மாண்டவர்களில் மிகப் பலரைப் புதைத்த சரிவு, அவர்களோ அவர்களுடைய கூட்டாளிகளோ கிளப்பிவிட்டதே.

2023 பிப்ரவரி 1-ந் தேதி அபர்வத்தில் போலந்து தேசத்தவர் இருவர் இவ்விதம் மாண்டனர். அந்நியர் 19 பேர் மீட்கப்பட்டனர். 2024 பிப்ரவரி 22-ந் தேதி ருஷ்யர் ஒருவர் உயிரிழந்தார்.

ஓடி நின்ற பனி சுண்ணாம்புக் காரை போல் இறுகிவிடும். புதைந்தவன் விரலையும் அசைக்க இயலாது. பத்து நிமிஷத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கழிந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுத்துப் பெரும்பாலோர் மாண்டுபோவர். கீழேயிருந்து உதவி வரும்வரை காலம் பொறுக்காது. ஆதலால் ஒவ்வொருவரும் இருப்பிடம் அறிவிக்கும் சிறு ரேடியோக் கருவியை மார்பில் கட்டி, குத்திப் பார்க்க நீண்ட கோலும், தோண்ட மண்வாரியும் சுமந்து செல்கிறார்கள். அபாயச் சரிவில் ஒருவர் இறங்க, மற்றவர் ஒதுங்கி நின்று கண்கொட்டாமல் பார்க்கவேண்டும்.

முதன்முறை குல்மார்க் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, கீழ் மைதானத்துச் சிறு மேடுகளே போதும். அங்கே விழுந்தால் முழங்கால்தான் நோகும். பழகியபின் மேலே செல்லத் துணிந்தாலோ, உள்ளூர் வழிகாட்டி இன்றிச் செல்லலாகாது. பெரும்பனி பெய்த மறுநாள், வானம் நீலமாய் வெளுத்து, மலை கண்ணைப் பறிக்கும். அன்றுதான் அவர், "இன்று வேண்டாம்" என்பார்.