அடி வாங்காமல் நிற்கும் பழைய முறை

ஓட்டமாவடி போன்ற கிழக்கு ஊர்களில் சிலம்படி பழகியவர்களுக்குத் தெரியும்: கம்புக்கு முன் காலடி. பழைய குத்துச்சண்டையும் அப்படித்தான். இடது காலை முன்வைத்து, பக்கவாட்டாகத் திரும்பி, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நிற்கவேண்டும். நாடி தோளுக்குள் ஒதுங்கும். ஒரு முன்கை முகத்துக்குக் குறுக்கே, மற்றது வயிற்றுக்குக் குறுக்கே. இடுப்பைத் திருப்பினால் வரும் குத்து தோளிலோ முழங்கையிலோ பட்டு வழுகிவிடும்.

இந்தக் குறுக்குக்கைக் காப்புக்குப் பேர்போனவர் ஆர்ச்சி மூர். 1974இல் முகமது அலியிடம் தோற்ற ஜோர்ஜ் ஃபோர்மன், பத்து வருட ஓய்வுக்குப் பின் இதைக் கையாண்டார். ஓட்டம் குறைந்த கால்களுக்கு இது தோது. 1994இல், 45 வயதில், புள்ளிகளில் பின்தங்கியிருந்தும் பத்தாவது சுற்றில் மைக்கல் மூரரை வீழ்த்தினார்.

காலில் பழைய காயம் உள்ளவர்களும் மெதுவாகப் பழகலாம். தலையில் செல் துண்டு இருப்பவர்கள் கண்ணாடி முன் நின்று பழகுவதோடு நிறுத்துங்கள். எதிராளியோடு மோத வேண்டாம்.