உளவியல் துறையிலிருந்து ஒரு படிவம் வந்தால்

கூடுவாஞ்சேரியில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மாடி வீட்டு மாணவி வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் ஒன்றை அனுப்பி, "ஆன்ட்டி, ப்ராஜெக்டுக்கு வேணும், பத்து நிமிஷம்தான்" என்பாள். அடுத்த ஸ்டேஷனான பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், அங்கே உளவியலும் ஒரு படிப்பு. தூக்கம், கைபேசி, பரீட்சைப் பயம் என்று கேள்விகள் வரும். நிரப்பலாமா?

முதலில், உளவியல் துறை என்ன செய்கிறது? வைத்தியம் பார்க்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர். மனிதர்கள் எப்படி நினைவில் வைக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்வதுதான் துறையின் வேலை. இந்தியாவில் இது 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் துறை வந்தது. முதல் தலைவர் ஜி.டி. போவாஸ்.

மனசை எப்படி அளப்பது? சி.எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பிள்ளையின் முன்னால் வண்ணக் கட்டைகளை வைத்து, ஓர் அட்டையைக் காட்டி, "இதே மாதிரி அடுக்கு" என்பார்கள். பக்கத்தில் கடிகாரம் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்யலாம். அதற்காகவே இப்படி அமைத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அறிவுசார் குறைபாட்டுக்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போனால், நுண்ணறிவு ஈவு (வயதுக்கேற்ற அறிவுத்திறனைக் காட்டும் எண்) பார்க்க இந்த வகைச் சோதனையும் செய்வார்கள். பசியோடோ காய்ச்சலோடோ இருக்கும் பிள்ளையை அன்று அழைத்துப் போகாதீர்கள். எண் குறைந்துவிடும்.

படிவத்துக்கு வருவோம். நிரப்புங்கள் என்றே சொல்வேன். உலகின் உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேற்கத்திய நாட்டவரை, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்தது என்று 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் சுட்டிக்காட்டினார்கள். இங்கேயும் மாணவர்கள் தங்கள் வகுப்பு நண்பர்களையே நிரப்பச் சொல்லி முடித்துவிடுவது உண்டு. ஐம்பது வயது இல்லத்தரசியின் பதிலோ, மறைமலைநகர் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்ப்பவரின் பதிலோ அவர்களுக்கு லேசில் கிடைக்காது.

மறுக்க உரிமை உண்டா? தாராளமாக. பாதியில் நிறுத்தவும் செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எதற்காக ஆய்வு, பதில்களை யார் பார்ப்பார்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் பெயர், ஆதார் எண் எல்லாம் கேட்டால் மூடிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது.

மதிப்பெண் அதிகமாக வந்தால் எனக்கு மனச்சோர்வா? அவசரப்படாதீர்கள். மனச்சோர்வை அளக்க அடிக்கடி வரும் பி.எச்.க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனநல நிபுணர் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்று மட்டுமே பொருள். நோய் இருக்கிறதா என்று நேரில் பேசித்தான் சொல்ல முடியும். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று மனசு சொன்னால் படிவத்தோடு விடாதீர்கள். 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கடைசியாகப் பெற்றோர் கேட்பது: பி.எஸ்சி. உளவியல் முடித்ததும் மகள் சிகிச்சை தரலாமா? முடியாது. மருத்துவ உளவியலாளர் ஆக, இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற படிப்பை முடித்துப் பதிவு எண் வாங்க வேண்டும். நீங்கள் ஒருவரிடம் ஆலோசனைக்குப் போகும்போதும் அந்த எண்ணைக் கேட்கலாம். கேட்டால் கோபிப்பவரிடம் போகாதீர்கள். இன்னொன்று, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. உளவியல்" என்று யாராவது சீட்டு நீட்டினால் பணம் கட்டாதீர்கள்.