சின்ன நாய்க்கு ஏன் கூடுதல் கவனம்?

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் சிவாவா, பொமரேனியன் போன்ற சிறிய நாய்கள். பெண் நாய் என்றால், கருத்தடை அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு ஒருநாள் வீட்டில் எழும். கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்படுவதால் அது குட்டி போடாது. வயதான பெண் நாய்களின் உயிரையே பறிக்கக்கூடிய கருப்பைச் சீழ் நோயிலிருந்தும் காப்பு கிடைக்கும். உரிமக் கட்டணமும் ஆண்டுக்கு 90 வெள்ளியிலிருந்து 15 வெள்ளியாகக் குறையும்.

ஆனால் சிறிய நாய் என்பது பெரிய நாயின் சுருக்கப்பட்ட வடிவம் அன்று.

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 ச.செ.மீ.; கன அளவு 1 க.செ.மீ. பக்கத்தை 10 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 600, கன அளவு 1,000. அதாவது, உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் உடலோடு ஒப்பிடுகையில் தோல்பரப்பு அதிகம். வெப்பம் வெளியேறுவது தோல் வழியாகத்தானே! மயக்க மருந்து உடல் நடுங்கிச் சூடேறுவதையும் தடுக்கிறது. இரத்தக் குழாய்களையும் விரிக்கிறது. வயிற்று முடியும் மழிக்கப்பட்டிருக்கும். ஆகவே 38.5 பாகை செல்சியஸ் அளவிலுள்ள உடல்வெப்பம் விரைவாக இறங்கிவிடும். அறுவை மேசையில் வெப்ப விரிப்பு போடுவது இதனால்தான். வீடு திரும்பும்போது நீங்களும் ஒரு போர்வை கொண்டுசெல்லலாம்.

அடுத்தது பட்டினி. மயக்கத்தில் தொண்டையின் தற்காப்புச் செயல் நின்றுவிடும். வயிற்றிலுள்ள உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அதற்காக “நேற்றிரவிலிருந்தே ஒன்றும் கொடுக்கவில்லை” என்று பெருமைப்பட வேண்டாம். குட்டி நாயின் கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரை மிகக் குறைவு. நீண்ட பட்டினியில் இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் துவண்டுவிடும். எத்தனை மணி நேரம் என்பதை எடையையும் வயதையும் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள்.

எடை துல்லியமாக இருக்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு 200 கிராம் பிழை வெறும் 1 விழுக்காடு. 2 கிலோ நாய்க்கோ 10 விழுக்காடு! மருந்தின் அளவு எடையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது.

நாய் இனப்பெருக்கப் பருவத்தில் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது கருப்பைக் குழாய்களில் இரத்தம் நிறைந்திருக்கும். பொதுவாக அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். சிறிய இனங்களில் விழாமல் நிற்கும் பால் பற்களையும் அதே மயக்கத்திலேயே பிடுங்கிவிடலாம்.

குளிப்பாட்டுவதை முதல் நாளே முடித்து, நன்றாக உலர்த்துங்கள். பிறகு 10 முதல் 14 நாள் தையலில் தண்ணீர் படக்கூடாது, நாயும் நக்கக்கூடாது. வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பெனடோலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான அளவு அந்தச் சிறிய உடலுக்கு நஞ்சு.