ஐந்து வருஷம் ஆனால் வீட்டுக்குப் போ!

ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் சங்கமத்துக்குக் குடும்பத்தோடு போகும் நம்மவர்கள், படித்துறையில் விசிலும் கையுமாக நிற்கும் காக்கி உடுப்புக்காரரைக் கவனித்திருக்கலாம். கன்னடத்தில் அதட்ட ஆரம்பித்து, ஆளைப் பார்த்ததும், "அதுக்கு மேலே இறங்காதீங்கம்மா, இழுப்பு ஜாஸ்தி" என்று தமிழுக்கு மாறுகிறவரும் அவர்களில் உண்டு. போலீஸ் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் போலீஸ் அல்ல. இங்கே கிருஹரக்ஷக தளம் என்பார்கள். நம் பக்கத்தில் ஊர்க்காவல் படை.

வெயில் ஒன்று, மழை ஒன்று, கூட்டம் ஒன்று. ஆனால் அவருக்குச் சம்பளம் இல்லை. கூப்பிட்ட நாளுக்குப் படி. கூப்பிடாத நாளுக்கு ஒன்றும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் தொண்டர்.

1946 டிசம்பர் 6-ந் தேதி, பம்பாயில் கலவரக் காலத்தில் போலீசாருக்கு உதவியாகப் பிறந்தது இந்தப் படை. 1962-ல் மைசூர் ராஜ்யத்தில் இதற்கெனச் சட்டம் வந்தது. அவ்வாண்டு சீனப் போருக்குப் பின் நாடெங்கும் இது ஒரே அமைப்பாக உருவெடுத்தது. குமாஸ்தாவும் கடைக்காரரும் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஓய்வில் நாட்டுக்கு உழைக்கட்டும் என்பது எண்ணம். ஆகவே சேருகிறவருக்குத் தவணை மூன்று முதல் ஐந்து வருஷம் என்று வைத்தார்கள்.

சொந்தத் தொழில் இருப்பவருக்கு இது சரி. தொழிலே இல்லாதவர் சேர்ந்தால்? தவணை முடியும், புதுப்பிப்பார்கள், மறுபடி முடியும். இப்படியே பத்து, பதினைந்து வருஷம் ஓடிவிடுகிறது. தலை நரைத்தபின் பென்ஷனும் இல்லை, வேறு வேலைக்கு வயதும் இல்லை.

ஹிமாசலப் பிரதேச ஊர்க்காவலர்கள் இதையெல்லாம் சுப்ரீம் கோர்ட் வரை கொண்டு போனார்கள். 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தொண்டர் படையில் சேர்ந்தவரை நிரந்தரம் ஆக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் முப்பது நாள் படியைக் கூட்டினால், போலீஸ்காரர் பெறும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. பாதி வெற்றி என்றுதான் கொள்ள வேண்டும்.

தற்காலிக ஊழியர்களுக்கு இந்த வாசல் முன்பே குறுகியிருந்தது. கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் நடந்த வழக்கில் 2006 ஏப்ரல் 10-ல் வந்த தீர்ப்பு அது. ஆபீஸ்களில் தினக்கூலிக்கு இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அந்தப் பெயர் மனப்பாடம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கென்னடி 1961-ல் தொடங்கிய பீஸ் கோர் என்ற அரசுத் தொண்டர் நிறுவனம் மைசூர் ராஜ்யத்துக்கும் ஆட்களை அனுப்பியது. 1976-ல் இந்தியாவில் அதன் பணி முடிந்தது. (ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68-வது வயதில் பம்பாய் விக்ரோலியில் நர்ஸாக இதில் உழைத்தவர்.) தொண்டருக்கு அங்கே இரண்டு வருஷம். வேடிக்கை என்னவென்றால், சம்பளம் வாங்கும் ஆபீஸ் ஊழியருக்கும் 1965 முதல் சட்டமே ஐந்து வருஷ வரம்பு போட்டது! நாற்காலியில் ஒட்டிக்கொண்டால் தொண்டு மனப்பான்மை போய்விடும், புது ரத்தம் வேண்டும் என்பது காரணம். பிறகு பார்த்தால், வேலை கற்றுக்கொண்ட ஆள் கிளம்பிக்கொண்டே இருந்தார். 2012-ல் அந்நிறுவனத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரியே இதனால் வரும் நஷ்டத்தை எடுத்துக் காட்டினார். 2018-ல் முக்கியமான சில பதவிகளுக்கு வரம்பைத் தளர்த்தினார்கள்.

அங்கே போகிறவர் முதல் நாளே தேதி தெரிந்து போகிறார். அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்கிறார். இங்கே தேதி தாளில் மட்டும் இருக்கிறது.

மண்டியா, மைசூர் வட்டாரத்தில் நம் பையன்கள் இதில் சேருவது புதிதல்ல. சேரட்டும், நல்ல காரியம்தான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தவணை எத்தனை வருஷம், மாதத்தில் எத்தனை நாள் டூட்டி, அடிபட்டால் யார் பொறுப்பு. டூட்டி உத்தரவுகளையும் பயிற்சிச் சான்றையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும். சில அரசு வேலைகளுக்கு மனுப் போடும்போது அவை தேவைப்படும்.

தசராவுக்கு கிரங்கூர் பன்னி மண்டபத்தில் மறுபடி கூட்டம் சேரும். விசில்காரருக்குச் சில நாள் படி நிச்சயம்.