தனிப்பயன் வட்டுப் படிமமும் பிரிவு கண்டறிதல் சிக்கல்களும்

தனிப்பயன் வட்டுப் படிமம் என்பது இயக்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள் ஆகியவற்றைத் தேவைக்கேற்பத் தொகுத்து உருவாக்கப்படும் ஒற்றைக் கோப்பு ஆகும். இதைப் பென் டிரைவிலோ நினைவக அட்டையிலோ எழுதிக் கணினியைத் தொடக்கலாம். அவ்வாறு தொடக்கும்போது, கெர்னல் எனப்படும் லினக்சு கருனி தனது மூலப் பிரிவை (ரூட் பார்ட்டிசன்) கண்டறிய முடியாமல் நின்றுவிடுவது உண்டு. பல நேரங்களில் வட்டு பழுதாகியிருப்பதில்லை. பிரிவைக் குறிப்பிட்ட முறையோ இயக்கி மென்பொருளோ பொருந்தாமல் இருக்கும். எனவே காரணத்தை அறியும் முன் வட்டை பார்மட் செய்யக் கூடாது. செய்தால், நலமாக இருக்கும் தரவுகளையும் இழக்க நேரிடும்.

பிழைச் செய்தி

மூலப் பிரிவை ஏற்ற முடியாதபோது கருனி காட்டும் செய்தியின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும். அவை 0,0 எனில், குறிப்பிட்ட சாதனத்தையே கருனி அறியவில்லை என்று பொருள். 8,1 போன்ற எண்கள் எனில், வட்டும் பிரிவும் அறியப்பட்டுள்ளன. ஆனால் அதிலுள்ள கோப்பு முறைமையைப் படிக்க இயலவில்லை.

காரணங்களும் தீர்வுகளும்

1. பெயர் மாறுதல்: எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் வட்டுகள் கண்டறியப்படும் வரிசையில் இடப்படுகின்றன. ஒரு கணினியில் எஸ்டிஏ ஆக இருந்த வட்டு மற்றொன்றில் எஸ்டிபி ஆகலாம். இதற்குப் பதிலாகப் பார்ட்யூயூஐடி எனும் பிரிவு அடையாள எண்ணைத் தொடக்க வரியில் தரலாம். இதைக் கருனி நேரடியாகவே புரிந்துகொள்ளும். கோப்பு முறைமையின் யூயூஐடி எண்ணைத் தந்தால், இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் தொடக்கக் கோப்புத் தொகுப்பின் உதவி தேவை.

2. தாமதம்: யூஎஸ்பி வட்டுகள் தயாராகச் சில நொடிகள் ஆகலாம். தொடக்க வரியில் ரூட்வெயிட் என்று சேர்த்தால் கருனி காத்திருக்கும்.

3. இயக்கி இன்மை: ஒரு கணினிக்கு மட்டுமான இயக்கிகளுடன் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கப்பட்டிருந்தால், வேறு கணினியின் வட்டை அது அறியாது. தேவையான இயக்கிகளுடன் அதை மீண்டும் உருவாக்க வேண்டும்.

4. தவறான இடத்தில் எழுதுதல்: முழு வட்டிற்கான படிமத்தை முதல் பிரிவிற்குள் எழுதிவிட்டால், பிரிவு அட்டவணை வட்டின் தொடக்கத்தில் இராது. முழு வட்டையும் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுத வேண்டும்.

5. செக்டார் அளவு: ஜிபிடி அட்டவணையின் தலைப்பு இரண்டாம் செக்டாரில் இருக்கும். 512 பைட்டு செக்டாருக்கான படிமத்தை 4096 பைட்டு செக்டார் உள்ள வட்டில் எழுதினால், அத்தலைப்பு எதிர்பார்க்கும் இடத்தில் கிடைக்காது.

6. இரட்டை அடையாளம்: ஒரே படிமம் எழுதப்பட்ட இரு வட்டுகளை ஒரே கணினியில் இணைத்தால், இரண்டின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். தவறான வட்டிலிருந்து கணினி தொடங்கக்கூடும்.

சோதிக்கும் முறை

முதலில், இயங்கும் வேறொரு லினக்சு கணினியில் படிமக் கோப்பை லூப் சாதனமாக, படிக்க மட்டும் அனுமதித்து இணைக்க வேண்டும். பிரிவுகள் அங்கே தெரியாவிட்டால் பிழை படிமத்திலேயே உள்ளது. தெரிந்தால், எழுதப்பட்ட வட்டை இணைத்து அதேபோல் பார்க்க வேண்டும். அதிலும் தெரிந்தால், பிஎல்கேஐடி கட்டளை காட்டும் அடையாள எண்களைத் தொடக்க வரியுடன் ஒப்பிட வேண்டும். எண்களும் பொருந்தினால் தாமதத்தையும் இயக்கிகளையும் சோதிக்கலாம். இந்தச் சோதனைகள் எதிலும் வட்டில் எதையும் அழிக்க வேண்டியதில்லை.